பேர் சொல்லாதது

அப்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றில் கை வைத்தால் இரண்டு வாய்க்குள் எழும்பிவிடுவார். நோர்வேயில் நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட்டிலிருந்து பக்கத்து ஹவுகெட்டோ வரை நடந்து திரும்பி, சப்பாத்தைக் கழற்றாமலே மறுபடி புறப்படுவார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் நிலவறைக்கு ஓடுவார். எனக்கு அப்போது ஏழு வயது. எல்லாருடைய அப்பாவும் அப்படித்தான் ஓடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் தந்த குளிசை பெட்டியோடு கிடந்தது. அம்மா ஊரிலிருந்து வசம்பு எடுப்பித்தார். எங்கள் அடுப்போ மின்சார அடுப்பு, நெருப்புக்கு எங்கே போவது? மெழுகுதிரியில் சுட்டுக் கரியாக்கி, நல்லெண்ணெயில் குழைத்துத் தருவார். பின்னேரங்களில் அதை அப்பாவின் உள்ளங்காலில் தேய்ப்பது என் வேலை. அந்தப் பத்து நிமிடம் மட்டும் மனிதர் அசையாமல் இருப்பார். எனக்குப் பெருமை பிடிபடாது.

“பயம் காலாலை இறங்கும் பிள்ளை. ஆனா அதின்ரை பேரை மட்டும் வெளியிலை சொல்லிப்போடாதை, சொன்னாப் பலிக்காது,” என்றார் அம்மா. ஊரில் வசம்பைப் ‘பேர் சொல்லாதது’ என்றுதான் சொல்வார்களாம்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என் கறுத்த விரல்களைக் கண்டு என்னவென்று கேட்டார். அப்பாவின் மருந்து என்றேன். என்ன மருந்து? சொல்லக் கூடாது என்றேன். அது போதாதா? அடுத்த கிழமையே அப்பா, அம்மா, நான் மூவரும் ஆசிரியைக்கும் பள்ளிக்கூடத் தாதிக்கும் முன்னால் இருந்தோம். அம்மா கைப்பையிலிருந்து வசம்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்து, இவருடைய பயம் இறங்கக் காலில் தேய்க்கிற வேர் என்று விளக்கினார். ஆசிரியை முகர்ந்து பார்த்துத் தும்மினார். விசாரணை அத்தோடு முடிந்தது.

ஆனால் தாதி எழும்பவில்லை. அப்பாவைப் பார்த்து, அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டார். மேசைக்குக் கீழே ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் கால் நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். நோர்வேஜிய மொழி வரவில்லை.

“அண்டைக்கு ஹெலி வரேக்கை நானும் தம்பியும் பங்கருக்கை…” என்று தமிழிலேயே தொடங்கினார்.

எனக்குப் பதறிப்போய்விட்டது. “அப்பா, சொல்லாதேங்கோ. சொன்னாப் பலிக்காது,” என்று அவர் வாயைப் பொத்தினேன்.

அம்மா சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடி என் தலையைத் தடவினார். கால் திரும்பவும் ஆடத் தொடங்கியது. கெட்டிக்காரி என்று வழியில் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்கள்.

அதற்குப் பிறகு யார் கேட்டும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். இன்றைக்கும் அவ்வளவுதான் தெரியும்.