பளீலா வீட்டு நிறைந்த பீப்பா

போர் முடிந்த பிறகு பாலாவிப் பக்கத்துக்கு மீன் வியாபாரிகளைவிட ஆய்வாளர்கள்தான் அதிகம் வந்தார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு அது. ஆளுகை, அபிவிருத்தி, பொதுக்கொள்கை என்று எந்தத் தலைப்பில் பட்டம் எடுக்க நினைத்தவருக்கும் அங்கே பதில் சொல்ல ஆள் கிடைக்கும். வந்தவர்களுக்கெல்லாம் லேன் என்கிற அந்தச் சந்துக்காரர்கள் கைகாட்டியது பளீலா வீட்டைத்தான். அவளுக்கு வாய் இருந்தது, முற்றத்தில் நிழல் இருந்தது, விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பாத மனசும் இருந்தது.

தண்ணீர்தான் இல்லை. கிணற்றில் ஊறுவது உவர். குடிக்கிற தண்ணீர் கிழமைக்கு ஒருமுறை அரசாங்கக் கந்தோரின் பவுசர் லொறியில் வரும். அதைப் பிடிக்கிற சண்டையில் குடமும் நெளியும், உறவும் நெளியும். ஆனால் வெளியாள் வருகிறார் என்று தெரிந்தால் சண்டையெல்லாம் போன இடம் தெரியாது. ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து பளீலா வீட்டு நீலப் பீப்பாவில் ஊற்றிவிடுவார்கள். வந்தவர் முகம் கழுவ வேண்டும், தேசிக்காய்த் தண்ணீர் குடிக்க வேண்டும், இங்கே ஒன்றுக்கும் பஞ்சமில்லை என்று நம்பிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் இல்லாமையைக் காட்டுவது மானம் போகிற காரியம்.

இந்த மானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஓர் ஆய்வாளர் வசமாக ஏமாந்தார். வெளிநாட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளரோடு வந்தவர், பீப்பாவைப் படம் பிடித்துவிட்டு, தண்ணீர்ப் பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்கவைத்தார்.

"அல்லாட காவல், ஒரு குறையுமில்ல. நீங்க குடிங்க வாப்பா" என்றாள் பளீலா.

அடுத்த வருடம் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதில் அவளுடைய லேனுக்குப் பெயர் 'பாலாவி முன்மாதிரி'. அரசு கைவிட்ட இடத்தில் மக்களே தங்களை ஆண்டு, தண்ணீரில் தன்னிறைவு கண்டுவிட்டார்களாம். கொஞ்ச நாளில் பவுசர் நின்றது.

பளீலா கந்தோருக்கு ஓடினாள். தண்ணீர் விநியோகத்துக்குப் பொறுப்பான தாஹிர் நல்ல பிள்ளை. கதிரை தந்து உட்காரவைத்து, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். திரையில் பீப்பாவுக்குப் பக்கத்தில் அவளே பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உலகம் முழுக்க வாசிக்குது ராத்தா. சும்மா, இலவசமா."

"வாசிக்கட்டும் தம்பி. பவுசர் எங்க?"

"வேற ஊருக்குப் போகுது. உங்கட லேன்லதான் நல்லாட்சி நடக்குதே."

"அது ஊர்த் தண்ணி தம்பி! வாறவங்களுக்காக ஆளுக்கொரு குடம் ஊத்தினது!"

தாஹிர் கையை விரித்தான். "நீங்க சொன்னா நான் நம்புவன். மேலிடத்துச் சேர்க்குலர் நம்பாது. பொதுமக்கள் எல்லாரும் இலவசமா வாசிக்கக்கூடிய ஆய்வை வச்சுத்தான் முடிவெடுக்கோணும். வெளிப்படைத்தன்மை ராத்தா. இதை மாத்திறதெண்டா இன்னொரு ஆய்வு வரோணும்."

வேண்டாத காலத்தில் வரிசை கட்டி வந்த ஆய்வாளர்களில் ஒருவரும் இப்போது எட்டிப் பார்க்கவில்லை. வசதியுள்ளவர்கள் கேனில் தண்ணீர் வாங்கினார்கள், மற்றவர்கள் உவரைக் குடித்தார்கள். பக்கத்து வீட்டு றுமைஸாவின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்து, தேறுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது.

கடைசியில் சிலாபத்திலிருந்து டெனிஷா என்ற பல்கலைக்கழக மாணவி வருவதாகத் தகவல் வந்தது. எங்கிருந்தோ ஒரு குடம் நல்ல தண்ணீர் தேடிக்கொண்டு றுமைஸா வழக்கம்போல வாசலில் நின்றாள். பளீலா மறித்தாள்.

"ஒரு சொட்டு ஊத்தப்படாது. காஞ்ச பீப்பாவ அந்தப் புள்ள கண்ணால பாக்கட்டும்."

டெனிஷா உச்சி வெயிலில் சந்தியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். உதடு வெடித்திருந்தது. "அன்ரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?" என்றாள்.

குசினியில், அடுப்புப் பக்கம், அரைக் குடம் தண்ணீர் இருந்தது. பளீலா பீப்பாவின் மூடியைத் திறந்து வெறும் அடியைக் காட்டி, "இல்ல புள்ள" என்றாள். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தப் பெண் எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுதத் தொடங்க, பளீலா குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

டெனிஷா ஒன்றையும் விடாமல் எழுதினாள், விருந்தாளிக்காகப் பீப்பா நிரப்புகிற கதை உட்பட. கட்டுரை பெரிய சஞ்சிகையில் வந்துவிட்டது என்று சொல்லிப் பிரதியையும் போனுக்கு அனுப்பினாள். பளீலா கந்தோருக்குப் போன வேகத்தில் செருப்பு அறுந்தது.

தாஹிர் முழுவதையும் வாசித்தான். "அப்பட்டமான உண்மை ராத்தா" என்றான். பிறகு இணையத்தில் தேடினான். தேடத் தேட அவன் முகம் சுருங்கியது.

"இது பெரிய இடத்துச் சஞ்சிகை. சந்தா கட்டினவங்கதான் வாசிக்கலாம். பொதுமக்களுக்கு இல்ல. சேர்க்குலர்படி இதை எடுக்க ஏலாது."

"அப்ப அந்தப் பொய்?"

"அது இலவசம் ராத்தா."

பளீலாவுக்குத் தலை சுற்றியது. ஒரு வாய்த் தண்ணீர் கேட்ட பிள்ளையைத் தாகத்தோடு அனுப்பிய பாவம் மட்டும்தான் மிச்சம் என்று நெஞ்சு எரிந்தது. தாஹிர் பதறிப்போய் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவள் கை நீண்டது, பாதியில் நின்றது. ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "நான் குடிக்கிறதை ஆரும் கண்டா, அதையும் எழுதிப் போட்டிருவாங்க."