அவுலியா கல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஆஸ்பத்திரி லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், "இன்னிக்கு அந்தம்மாவா, இல்ல இன்னொருத்தங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு கல்லுக்கு நன்றி சொல்லி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் எங்கள் தெரு வந்துவிடும். அப்பா அம்மா காலம் வரைக்கும் தெருவே பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்துப் பிழைத்தது. இப்போது எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு, ஒரு இன்ஜினியர் உண்டு, நர்ஸ் உண்டு, என்னைப் போல லேப் டெக்னீஷியனும் உண்டு. ஆனால் வண்டி வந்து போக ஒரே வழிதான். மெயின்ரோட்டிலிருந்து ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக வந்து வாய்க்கால் பாலத்தில் ஏறுகிற மண்பாதை அது.

தோப்பும் பாதை ஓடுகிற இடமும் ஒரு முஸ்லிம் குடும்பத்துடையவை. பிள்ளைகள் எல்லாம் துபாய், ஷார்ஜா என்று போய்விட, ஊரில் சாவிக்கொத்தோடு மிச்சமிருந்தவர் ராத்தா ஒருவர்தான். அக்காவை அவர்கள் வீட்டில் ராத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

பாதையின் முனையில், தோப்புக்குள் அரையடி தள்ளி, அந்தக் கல் சாய்ந்து நிற்கும். இடுப்பு உயரம் இருக்கும். பாதையைப் பார்த்த முகத்தில் அரபு எழுத்து. ஏதோ மகான் அடங்கிய இடம் என்று எங்கள் ஆட்களாகவே முடிவுகட்டி அவுலியா கல் என்று பெயரும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமையானால் சூடம், பூ. புது வண்டி வாங்கினால் முதல் எலுமிச்சம்பழம் அங்கேதான் நசுங்கும். ராத்தா வீட்டிலோ, இங்கே யாரும் அடங்கவில்லையே என்று தெரிந்தாலும், ஏதோ துஆவாக, பிரார்த்தனையாக இருக்கும், நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். கல்லின் பின்பக்கத்தைக் கருவேலமுள்ளும் பாசியும் மூடியிருந்தன. அந்தக் காலத்தில் அறுப்புக்குப் போகிறவர்கள் அதில் அரிவாள் தீட்டுவார்களாம். அதற்கு மேல் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

ராத்தா மகனோடு போய்விட முடிவு செய்து, தோப்பைப் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு விலை பேசினார். வியாபாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "தேங்கா களவு போகுதுங்க, சுத்திக் கம்பி வேலி போட்டாத்தான் எனக்குக் கட்டும். பத்திரத்துல மாமூல் பாதைன்னு ஒரு வரி இல்லையே," என்றார். அவர் பக்கம் பேச்சு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அம்மா ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ். ஆட்டோ வாசல்வரை வருவதால் சமாளித்துக்கொண்டிருந்தோம். பாதை அடைபட்டால் அம்மாவை நாற்காலியில் வைத்து வரப்பு வரப்பாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடைமழையில் வழுக்குகிற வரப்பில் யார் தூக்குவது? ராத்தாவிடம் ஓடினேன். "அட்வான்ஸ் கைநீட்டி வாங்கிட்டேனேம்மா, நான் என்ன செய்ய?" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

வேலி போட அளக்கிற அன்றைக்கு, சண்டை போடுவதற்கென்றே லீவு எடுத்தேன். வியாபாரி வந்திருந்தார், கூட உள்ளூர்ப் புரோக்கர். ஜேசிபி முள்ளை வழித்துக் கல்லைச் சுற்றி மண்ணை இளக்கியிருந்தது. கல்லை மரியாதையாகப் பள்ளிவாசலில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று ஏற்பாடு. "எழுத்துல சேறு இருக்கக்கூடாது," என்று ராத்தா குடத்தில் தண்ணீரோடு வந்து துணியால் தேய்த்துக் கழுவினார். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் போனவர், "ஏம்மா, இங்கயும் என்னமோ இருக்கே," என்றார்.

தமிழ்! புள்ளி இல்லாத பழைய எழுத்து. விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன். "இந்த வழி ஊரார்க்கும்" வரைக்கும் இருந்தது. அதற்கடுத்து அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்த குழி. குழிக்கு அப்புறம், "பொது. மறிக்கிறவன் பாவத்திலே போவான்."

"பாத்துக்குங்க, பொதுவாம்!" என்று கத்தியே விட்டேன். புரோக்கர் அசரவில்லை. "ஊராருக்குன்னுதானே போட்டிருக்கு? உங்க தெரு எப்ப ஊர் ஆச்சு?" என்றார்.

சண்டைக்காக அவர் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வது மாதிரிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, சேரி வேறு. இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் ஓடும். "ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கக் கை நீட்டுறப்ப, ஊசி புடிக்கிற கை எந்தத் தெருன்னு கேட்டுட்டா நீட்டுறீங்க?" என்று நான் ஆரம்பித்தேன். கோபத்தில் அழுகையும் வந்து தொலைத்தது.

ராத்தா என் தோளைப் பிடித்தார். "சும்மா இரு தங்கச்சி. துஆவை ஒருதரம் ஓதிடுறேன், அப்புறம் எடுக்கட்டும்." முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தார். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் படித்தவர். எழுத்துக்கூட்டி ஓதுவார், அர்த்தம் தெரியாது. "என்ன இது, புள்ளி கூடுதலாக் கிடக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓதுகிற அந்த ராகத்திலேயே ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார்.

முதலில் எனக்கும் ஓதுவது மாதிரிதான் கேட்டது. பிறகு தூக்கிவாரிப் போட்டது. "ராத்தா, நிறுத்துங்க! முதல்லேருந்து வாங்க."

"தப்பா ஓதிட்டேனா?"

"தப்பில்ல. நீங்க ஓதுறது தமிழு!"

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் மறுபடி விரலை வைத்தார். "இந்த... வழி... ஊரார்க்கும்..." அடுத்த சொல்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சே...ரி...யார்க்கும்... பொது."

"அட அல்லாவே, நான் தமிழையா ஓதிக்கிட்டு இருந்தேன்!" என்று ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள், அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர் என அவர் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. ஒரே வாசகத்தை இரண்டு எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் குழி விழுந்த இடம் எங்களைச் சொன்ன அந்த ஒரு சொல். எங்கள் அரிவாள்களாலேயே அதைத் தேய்த்துவிட்டு, படிக்கத் தெரியாத பக்கத்துக்குப் பூப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்!

"கல்லெல்லாம் கோர்ட்டுல செல்லாதுங்க," என்றார் புரோக்கர்.

"கோர்ட்டுல செல்லாட்டிப் போகுது, எனக்குச் செல்லும்," என்றார் ராத்தா. "எங்க பெரியவங்க யாரோ கொடுத்த வாக்கு இது. பாதையை விட்டுட்டு மிச்சத்தை எழுதிக்கங்க. வேணாம்னா அட்வான்ஸைத் திருப்பித் தர்றேன்." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. வியாபாரி கல்லின் பின்பக்கம் போய், கடைசி வரியை அவராகவே ஒருதரம் படித்தார். "எனக்கு எதுக்குங்க அந்தப் பாவம்? வேலியை உள்ள தள்ளிப் போட்டுக்கறேன்," என்றார். பத்திரத்தில் பொதுப்பாதை என்று எழுதி, அந்த வாரமே பதிவும் ஆகிவிட்டது.

ராத்தா கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு வந்ததை மன்னிக்கச் சொன்னேன். இப்போது அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் நன்றி சொல்கிறேன், அவரும் "போதும் நிறுத்துடி," என்று திட்டுகிறார். எந்தக் காலத்திலோ அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்ன மனிதருக்கும், அதை இரண்டு பக்கமும் வெட்டிய கைக்கும் சொல்ல வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்டோ வரும் என்றதும் முகம் தெளிந்தது. படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"சேரின்னேவா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"திட்டாமயா?"

"திட்டாமத்தான்மா. மறிக்கிறவனைத்தான் திட்டியிருக்கு."