அரிசித் தகரத்துக்குள் இருந்த ரோட்டர்

வாப்பாவின் காரில் தன் மகனை மாப்பிள்ளையாக ஏற்றி அனுப்பவேண்டும் என்று ஆசை வந்தபோதுதான், தனக்கொரு தங்கச்சி இருக்கிற நினைப்பும் என் மூத்தவர் காக்காவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அவனைக் கொண்டுபோய் இறக்குவதை ஊரே பார்க்கவேண்டும். இப்போது பழைய காருக்கு நல்ல மவுசு. என் வீட்டு வளவில் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே துருவேறிக் கிடந்த அந்த இங்கிலாந்துக் காரை இத்தனை வருஷமும் எட்டிப் பார்க்காத மனிதர், ஒரு நாள் பழப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"எஞ்சினை நான் கராஜில குடுத்துச் செய்யிறன். ஸ்டார்ட் ஆக்கிற சாமானெல்லாம் நீதான் பாத்துத் தரணும் புள்ள. எல்லாம் ஒரிஜினலாவே இருக்கணும். டூப்ளிகேட் ஒண்டும் வேணாம். சம்மந்தி ஊட்டாக்கள் பாக்கிற கார்."

ஒரிஜினல் வேண்டுமாம்! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஓம் என்றேன். கல்முனையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை நடத்துகிறவள் நான். கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து கவுண்டரில் நான்தான். "பொம்புளைக்குக் கொயில் எது, கொண்டென்சர் எது எண்டு தெரியுமா?" என்று சிரித்தவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டு சாமான் வாங்கிப் போகிறார்கள். நான் ஓம் என்றது காக்காவின் மகனுக்காக இல்லை. கடல் வந்த அன்று அந்தக் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை, இவ்வளவு காலமும் திறந்து பார்க்கத் துணியாததை, என் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது.

பிரச்சினைக் காலத்தில் எங்கள் ஊர்களில் கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பொழுதுபட்டு மகரிபு தொழுகைக்கு முன் பொனற்றைத் திறந்து, டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிவிடுவார்கள். கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு, அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். அது சுற்றினால்தான் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் போய்ச் சேரும். அது இல்லாவிட்டால் துவக்கோடு எவன் வந்து கேட்டாலும் வாகனம் அசையாது. வாப்பா அதைக் கழற்றி என் கையில் தருவார். நான் அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைப்பேன். சண்டை ஓய்ந்த பிறகும் வாப்பா அந்தப் பழக்கத்தை விடவில்லை.

கடல் வந்த அன்று காலையிலும் ரோட்டர் அரிசிக்குள்தான் இருந்தது. உம்மாவுக்குக் கால் ஏலாது, பிடித்துத்தான் நடத்தவேண்டும். தெருவில் சனம் கத்திக்கொண்டு ஓடியபோது, வாப்பா உம்மாவைக் காரில் ஏற்றினார். நான் தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டி, ரோட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாப்பா அவசரமாகப் பொருத்தி ஸ்டார்டரை அடித்தார். எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். பிறகு வாப்பாவும் காக்காவும் உம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிவாசல் மதிலடியில் தண்ணீர் எங்களைப் பிடித்தது. அவர்கள் கையிலிருந்து உம்மாவைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"ரோட்டருக்கு என்னடி செஞ்ச?" என்று வாப்பா முகாமில் வைத்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா சொன்னார்: "ஈரக் கையால எடுத்து வெச்சிருப்பாள் வாப்பா. தண்ணி பட்டிருக்கும்."

அதுதான் எங்கள் குடும்பத்தின் வேதவாக்காகிவிட்டது. உம்மாவின் நினைவு நாள் கத்தத்துக்குக் கூடினாலும், பெருநாளைக்குக் கூடினாலும், உம்மாவின் தங்கச்சியான சாச்சி பெருமூச்சு விட்டு, "ம், அந்தச் சாமானைக் கொஞ்சம் கவனமா வெச்சிருந்தா" என்று தொடங்குவார். காக்கா ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். வாப்பா அதற்குப் பிறகு எதையும் என் கையில் தரவில்லை. வீட்டுச் சாவியைக்கூட மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார். அப்படியே மவுத்தாகியும் போனார்.

கராஜ்காரர் டிஸ்ரிபியூட்டரை மூடி திறக்காமல் அப்படியே கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார். மூடியைப் பிடித்திருந்த கிளிப் இரண்டும் துருவில் இறுகியிருந்தன. கடல் வந்த பிறகு யாரும் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். உப்பும் சேறும் கரைந்ததும் உடம்பில் அடித்திருந்த இலக்கம் தெரிந்தது. காரோடு பிறந்த டிஸ்ரிபியூட்டர்தான். செங்கபில மூடி, அதுவும் பழையதுதான். கொயில் தேறும். கொண்டென்சர் செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துத் துணியில் வைத்தேன். கடைசியாக ரோட்டர்.

அதைக் கையில் எடுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காருக்குரிய ரோட்டரே இல்லை அது. வேறு ஏதோ வாகனத்தினுடையது. தண்டில் உட்காரும், சுற்றும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆள் குட்டை. மூடியின் நடுவில் இருக்கும் கரித்துண்டை அதன் பித்தளை தொடாது. தொடாவிட்டால் பிளக்குக்கு ஒன்றும் போகாது. நாள் முழுக்க ஸ்டார்டரை அடித்தாலும் அந்த எஞ்சின் பிடித்திருக்காது. என் கையில் ஈரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

வாப்பாவின் கையால் நான் தினமும் வாங்கிவைத்தது இது இல்லை. அப்படியென்றால் யார் மாற்றினது? அல்லாஹ்வே, எனக்கு அதையும் யோசிக்க நேரம் எடுக்கவில்லை. கடல் வருவதற்கு முதல் நாள் காக்கா கூட்டாளிமாரை ஏற்றிக்கொண்டு அறுகம்பேக்குப் போய்வந்தார். "நீ கிட, நானே வெச்சிடுறன்" என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அரிசித் தகரத்தை அவர் கையால் திறந்தார். காக்காவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டதென்று நினைத்தேனே, பைத்தியக்காரி!

காரைதீவில் ஒரு பழைய கராஜ் சாமான்களுக்குள் கிளறி, சரியான ரோட்டரை எடுத்துவந்தேன். கராஜிலிருந்து எஞ்சின் வந்து காரில் ஏறியதும் எல்லாவற்றையும் பூட்டினேன். ஒரே அடியில் எஞ்சின் பிடித்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, குட்டையானதைப் போட்டுக் காக்காவைக் கூப்பிட்டேன்.

"அடிச்சிப் பாருங்க."

அவர் அடித்தார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கடல் வந்த அன்று கேட்ட அதே சத்தம். அவருக்கும் நினைவு வந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. நான் மூடியைத் திறந்து அந்தக் குட்டையனைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"கழட்டக்குள்ள உடைஞ்சி போச்சு" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "வாப்பா கொன்டுபோடுவார் எண்டு பயம். வாப்பாட ஆணிப் பெட்டிக்குள்ள இது கிடந்திச்சு. விடிஞ்சி கடை திறந்ததும் சரியானத வாங்கி மாத்தலாம் எண்டுதான் இருந்தன் புள்ள. அதுக்குள்ள கடல் வந்திட்டே."

"கடல் ஒரு நாள்தான் வந்திச்சு காக்கா. அதுக்குப் பொறகு வாப்பா எத்தினை வருஷம் உசிரோட இருந்தார்?"

உடைத்ததை நான் மன்னித்துவிடுவேன். அது எவர் கையிலும் உடையும். ஆனால் அந்த முகாமில், உம்மாவின் மையத்துக்கூடக் கிடைக்காத நேரத்தில், கூசாமல் என் ஈரக் கையைக் காட்டினாரே, அதை மன்னிக்க என்னால் ஏலாது.

"கார் உங்கட மகனுக்குத்தான். எடுத்துப் போங்க. மாப்பிள்ள ஏறுறதுக்கு முன்னால, சாச்சி எல்லாரும் நிக்கக்குள்ள, இப்ப எனக்கிட்ட சொன்னதச் சொல்லுங்க. சொன்னா ரோட்டர் வரும்."

"கலியாண ஊட்டில வெச்சி என்ன கதை இது? மானம் போயிடும் புள்ள."

"என்ட மானம் போகக்குள்ள நீங்க சோறு தின்டுக்கிட்டு இருந்தீங்க."

கலியாணத்தன்று காலையில் நான் உடுத்து, ரோட்டரைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காக்கா வரவில்லை. சாச்சியின் அழைப்புத்தான் வந்தது.

"என்ன புள்ள நீ! வாடகைக்கு வேன் பிடிச்சி மாப்பிள்ளைய ஏத்துறாங்க. ரோட்டரை எங்கயோ வெச்சித் தொலைச்சிட்டியாமே? காக்கா எல்லார்க்கிட்டயும் சொல்லிக் கவலைப்படுறார். அண்டைக்கும் இப்பிடித்தான், இண்டைக்கும் இப்பிடியா?"

போனை வைத்தேன். என் வளவில் இன்னும் நின்ற காரின் பொனற்றைத் திறந்து ரோட்டரைப் பூட்டினேன். கடை வேனை நாள் முழுக்க ஓட்டுகிறவளுக்கு இந்தக் கார் ஒரு பெரிய விஷயமில்லை. காக்காவின் வாசலில், அந்த வேனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. கூட்டம் காரைச் சுற்றிக்கொண்டது. மாலையோடு நின்ற மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தான். தகப்பன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாச்சிதான் முன்னால் வந்தார். "இது ஓடுதே புள்ள!"

"ஓம் சாச்சி, ஓடும்" என்றேன், காக்காவைப் பார்த்துக்கொண்டே. "அண்டைக்கும் ஓடியிருக்கும்."