அப்பாவைக் கூப்பிட்ட காலை

அப்பாவின் ஆவியை வீட்டுக்குக் கூப்பிட்டு வரப் போன காலையில், புதைத்த இடத்தில் சித்தப்பா இருந்தார், ஊர்க்கவுண்டர் இருந்தார், என் தம்பி இருந்தான். அம்மா இல்லை. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள். அப்பா இறந்த அன்று நான் இல்லை. வேலூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தகவல் கிடைத்து, அமிர்தி வரை பஸ்ஸில் வந்து, மலையேறிச் சேர்வதற்குள் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

எங்கள் வழக்கத்தில் மூத்த மகன்தான் கூப்பிட வேண்டும். ஆட்டின் முதுகில் தண்ணீர் தெளிப்பார்கள். கூப்பிடும்போது ஆடு உடம்பைச் சிலுப்பினால், செத்தவர் குரலை அடையாளம் கண்டு கூடவே வந்துவிட்டார் என்று பொருள். சிலுப்பாவிட்டால் அவர் காட்டிலேயே நின்றுவிடுவார்.

கூப்பிடுவது என்றால் மலையில் கூப்பிடுகிற மாதிரி. ஒரு சரிவில் சாமைக் கொல்லையில் நிற்பவருக்கு எதிர்ச்சரிவிலிருந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து விடுகிற சத்தம். அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நானும் அப்படித்தான் பதில் கொடுப்பேன். அடிவாரத்துப் பள்ளி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், கிணற்றடியிலிருந்து ஒருவனை அப்படிக் கூப்பிட்டேன். விடுதியே சிரித்தது.

"டேய் காட்டான், நாங்க இன்னா அடுத்த மலையிலயா கீறோம்?" என்றான் அவன்.

அதற்குப் பிறகு மெதுவாகப் பேசப் பழகினேன். புத்தகத்தில் இருப்பது போல, சொல் சொல்லாக. இரண்டு வருடத்தில், நீ மலைக்காரன் என்று தெரியவே இல்லையே என்று வாத்தியார் பாராட்டினார். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதைத்த இடத்தில் நின்று, "அப்பா, வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். ஆடு அசையவில்லை.

"இன்னாடா, ஆஸ்பத்திரியில டாக்டரைக் கூப்புடுற மாரி கூப்புடுற? கத்துடா," என்றார் சித்தப்பா.

கத்தினேன். வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல்தான் வந்தது. மூன்று முறை தண்ணீர் தெளித்தார்கள். ஆடு தழை தேடியது.

"யாரோ கீழ்நாட்டான் வந்துகிறான்னு உங்கப்பன் ஒதுங்கி நிக்கிறான்," என்றார் ஊர்க்கவுண்டர். "சின்னவன் கூப்புடட்டும்."

மறுத்த ஆட்டிடம் மறுபடி கேட்கக் கூடாது. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் விலை பேசி வேறு ஆடு இழுத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத என் தம்பி கால்களை அகட்டி நின்று, "ப்போவ்... வா, வூட்டுக்கு" என்று இழுத்தான். எதிர்ச்சரிவு அதைத் திருப்பிச் சொன்னது. ஆடு தலையிலிருந்து வால் வரை சிலுப்பியது.

வீட்டு வாசலில் அம்மா, "யாரு கூப்ட்டு வந்தது?" என்றாள்.

"அண்ணன்தாம்மா. ஒரே கூப்பாட்டுல ஆடு சிலுப்பிடிச்சி," என்றான் தம்பி, என்னைப் பார்க்காமல்.

அம்மா என் கன்னத்தைத் தடவினாள்.

இப்போது அடிவாரத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை. கடைசி மணி அடிக்கிற நேரத்தில், மலைப் பக்கமிருந்து சில நாள் அந்தச் சத்தம் கேட்கிறது. இழுத்து, என் பெயரை. வாயைத் திறக்கிறேன், பதில் வருவதில்லை. "இன்னா சார்?" என்கிறார்கள் பையன்கள். தம்பி கூட்டிப் போனவர் வீட்டில் இருக்கிறார் என்றால், இங்கே கூப்பிடுவது யார்?

அப்பாவைக் கூப்பிட்ட அன்று மத்தியானம் சித்தப்பா செலவு சொன்னார். அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடு ரெண்டு," என்றார்.

அவள் கை நின்றது. "ரெண்டா?"

தம்பி எழுந்து வெளியே போனான். நான் தரையைப் பார்த்தேன். அவள் மறுபடி எண்ணெய் விட்டாள்.

"எவ்ளோ ஆச்சி?"

"எரநூத்தி நாப்பது."