கல்மேட்டு வீரனிடம் கேட்ட மன்னிப்பு

மாறனுக்கு நான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் எல்லையில் உள்ள கல்மேட்டைச் சுற்றிக் காட்டியதற்கான கூலி. ஒரு வருஷம் கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தவன் நான். மூன்றாவதோடு படிப்பு சரி. இன்று செங்கம் ரோட்டில் பதினெட்டு ரூம் லாட்ஜ் என் பெயரில் நிற்கிறது. மாறனைத் தவிர யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டே கல்லில் உள்ள பழைய எழுத்தைப் படிக்கக் கற்றவன். பிறகு கைடு ஆனான்.

கல்மேட்டில் ஒரு நடுகல். மார்பில் ஈட்டி பாய்ந்தும் வாளை ஓங்கி நிற்கும் வீரன். எங்கள் முப்பாட்டன் என்று ஆடிதோறும் பங்காளிகள் கிடா வெட்டி, ரத்தத்தை அவன் மார்பில் பூசுவோம். இடுப்பு வரை புதைந்திருந்த கல்லைப் போன வருஷம் தொல்லியல் துறைக்காரர்கள் தோண்டி நிமிர்த்தி வேலி கட்டினார்கள். கீழே எழுத்து இருந்தது.

அந்த ஆடியில் என் லாட்ஜில் தங்கிய சென்னைக்காரர்களைப் பெருமையோடு கூட்டிப்போனேன். கிடாவின் ரத்தம் மண்ணில் இன்னும் காயவில்லை. மாறன் படித்துச் சொன்னான்:

"இவரு பக்கத்து ஊரு ஆளுங்க. மாடு களவாட வந்தவங்களத் தடுத்துச் செத்தாரு. வந்தவங்க..."

"அத்தோட விடு மாறா."

"கேக்கறாங்களே மொதலாளி. வந்தவங்க உங்க ஊருக்காரங்க."

"எங்க பாட்டனை நாங்களே கொன்னோமா?"

"பாட்டன் இல்லீங்க. உங்க பாட்டன் குத்துன ஆளு."

அறைந்தேன். உதடு கிழிந்தது. பங்காளிகள் சும்மா இருப்பார்களா? கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் தடிக்கம்பால் அவன் வலது கையில் போட்டான். மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது. நான் தடுக்கவில்லை.

பொய் சொன்னவனுக்குக் கூலி கிடையாது என்றேன்.

கைக்கட்டைப் பிரித்ததும் மாறன் லாட்ஜுக்கு வந்தான். "ஆஸ்பத்திரி செலவு வேணாம். கூலிய மட்டும் குடுங்க. நான் படிச்சது சரின்னு ஆவட்டும்." மாதாமாதம் வந்தான். மாதாமாதம் துரத்தினேன்.

இந்த ஆடியில் கத்தி என் கையில். வெட்டுமுன் எல்லோரும் கல்லின் முன் விழுந்து சொல்வது வழக்கம்: "பொறுத்துக்கோ சாமி. எங்க புள்ளைங்களத் தொடாத." ஐம்பது வருஷமாக நானும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பாதியில் வாய் நின்றது. பேரப்பிள்ளையைக் காவு கேட்கிற பாட்டன் உண்டா? கொன்றவன்தான் இப்படிக் கெஞ்சுவான்.

கிடாவை வெட்டினேன். ரத்தச் சட்டையோடே மாறன் வீட்டுக்குப் போனேன்.

"நீ படிச்சது சரி," என்றேன்.

வலது கையை நீட்டினான். இரண்டு விரல் மடங்கவில்லை.

"ஒவ்வொண்ணா வைங்க மொதலாளி. இறுக்கிப் புடிக்க வராது."

பதினைந்து நூறு ரூபாய்த் தாள்களையும் விரிந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.