பால் எடுக்கும் நேரத்துப் படபடப்பு

எனக்கு வந்தது பயம்தான் என்று சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் எங்கள் லயத்து வீட்டு வாசல் போதாது. என் வீட்டுக்காரர் சொன்னார், தோட்டத்துக் கங்காணி சொன்னார், டவுன் ஆஸ்பத்திரி டொக்டரும் சொன்னார். நெஞ்சு மட்டும்தான் என்னுடையது.

கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடிந்ததும் மரங்களைக் கீறிவிட்டு வந்து, பிறகு மரம் மரமாகப் போய்ச் சிரட்டையில் இறங்கிய பாலை வாளியில் சேர்க்க வேண்டும். அது வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மனதில் எந்தக் கவலையும் இருக்காது. மத்தியானத்துக்கு என்ன கறி வைக்கலாம் என்று யோசித்தபடி குனிவேன். சுவிட்ச் போட்டதுபோல் நெஞ்சு ஓடத் தொடங்கும். தொண்டைவரை அடிக்கும், எண்ணவே முடியாது. கண் இருட்டும். பிறகு, வந்த மாதிரியே சட்டென்று நின்றுவிடும்.

பயம் எனக்குத் தெரியாததா? அடைமழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரியுமோ என்று எத்தனையோ தடவை முழித்துக் கிடந்திருக்கிறேன். அந்தப் படபடப்பு ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். இது வேறு. மாதக்கணக்கில் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லை.

டொக்டர் கெட்டவர் அல்ல. ஈ.சீ.ஜி எடுத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. "பய வென்ன எப்பா" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். பயப்படாதே என்கிறார். அடிக்கும்போதே வந்தால்தான் மெஷினில் பிடிக்க முடியும் என்றும் சொன்னார். ஆனால் நான் போய்ச் சேரும்போதெல்லாம் நெஞ்சு நல்ல பிள்ளை மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்.

அடிக்கும்போதே எப்படிப் போவது? பாலைச் சிரட்டையிலேயே விட்டுவிட்டுப் போனால் உறைந்துவிடும். அன்றைக்கு முழு நாள் வேலை செய்ததாகப் பேர் போடமாட்டார்கள், அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். இடுப்புவலி கண்ட பெண்கூட இங்கே பாலை றப்பர் ஸ்டோரில் ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். எங்கள் வழக்கம் அப்படி. நானும் மரத்தைப் பிடித்தபடி நின்று, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதற்குள் அது அடங்கிவிடும்.

"மனச தைரியமா வச்சுக்கயேன். எதுக்கெடுத்தாலும் படபடன்னு வந்தா எப்படி?" என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

போன மாதம் ஒரு நாள் அது மறுபடி வந்தபோது வெறுத்தே போய்விட்டது. வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

"ஏம்மா, பால யாரு எடுக்கிறது?" என்று கங்காணி கத்தினார்.

"நீங்களே எடுங்க!"

பக்கத்து மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். ரோட்டுக்கு இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று என் நெஞ்சையே கெஞ்சிக்கொண்டு போனேன். இந்த ஊரில் ஒரு மனுஷி வேண்டிக்கொள்ள வேண்டிய காரியமா இது!

நிற்கவில்லை. ஈ.சீ.ஜி தாளைப் பார்த்ததும் டொக்டரின் சிரிப்பு போய்விட்டது. இது பயமில்லை, இதயத்துக்குள் கரண்ட் ஓடும் வழியில் கோளாறு என்றார். அதனால்தான் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறதாம். ஊசி ஏறியதும் நெஞ்சு ஒரு கணம் எங்கோ விழுந்ததுபோல் இருந்தது, பிறகு ஒழுங்காக அடித்தது. எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

அருகில் நின்ற வீட்டுக்காரருக்கோ வியர்த்துக் கொட்டியது. என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் நெஞ்சு அடிக்குதுடி" என்றார்.

அவரையும் அடுத்த கட்டிலில் படுக்க வைத்து ஈ.சீ.ஜி எடுத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை, இதுதான் பயம் என்றார் டொக்டர். நான் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லங்க. நான் இருக்கேன்ல. மெதுவா மூச்சு விடுங்க."

கொஞ்சம் கொஞ்சமாக அவர் மூச்சு சீரானது. எனக்குப் பயம்தான், பயம்தான் என்று அத்தனை மாதமும் அடித்துச் சொன்னவர்களில் ஒருவர்கூட, ஒரு நாளாவது இப்படி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.