வாரண்டி கட்டிய செங்கல் சுவர்

தண்ணீர் மோட்டார் விற்கும் கடையில் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் வாரண்டி. ஓடாத மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், "நீங்களே கழட்டிப் பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். ஆமாம் என்று வாயைத் திறந்தால் போதும், "அப்ப வாரண்டி போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரியாத வேலையில் கை வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு அப்படி ஓர் இளக்காரம். தன் வீட்டுக் கூடம் என்று வந்தபோது மட்டும் அந்த இளக்காரம் விடுப்பில் போய்விட்டது.

காரணம் சகலை. மனைவியின் அக்கா புருஷன். தன் வீட்டுக் கூடத்தைப் புதுசாக்கி, படங்களைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வாரண்டி ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. வயிறு எரிந்தது.

"ஆள் வச்சு செஞ்சிருக்காரு. காசக் கொட்டினா கழுதகூட செய்யும். நான் என் கையால, கால்வாசி செலவுல செஞ்சு காட்டறேன் பாரு."

மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்த்த மனைவி, வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "செய்யுங்க. ஆனா குளியலறைய ஒட்டின சுவர் ஈரமா இருக்கு. மொதல்ல பிளம்பரக் கூப்பிட்டுக் காட்டிடலாம்."

"அவன் வந்தா வீட்டையே தோண்டிப் போட்டுருவான். மேல வால்பேப்பர் ஒட்டினா மறஞ்சிடும்."

மறைந்துபோவதும் சரியாகிப்போவதும் அவர் கணக்கில் ஒன்றுதான்.

யாரோ கலக்கச் சொல்லிப் பிறகு வேண்டாமென்று விட்டுப்போன பெயிண்ட், கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. மூடியில் இருந்த பொட்டைப் பார்த்தால் சந்தன நிறம். குழல்விளக்கு வெளிச்சத்தில், மூன்று சுவர்களில் ஏறிக் காய்ந்ததும் அது இருமல் மருந்தாகிவிட்டது.

"இது என்ன கலர்ப்பா?" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"வெளிநாட்டுக் கலரு. கண்ணு பழகணும்."

"எனக்குத் தொண்ட கரகரங்குதுப்பா."

நாலாவது சுவரில், அதாவது ஈரச் சுவரில், செங்கல் படம் போட்ட வால்பேப்பர். சனிக்கிழமை முழுக்க ஸ்டூலில் நின்று ஒட்டினார். பசை சுவரில் ஒட்டியதைவிட அவர் புருவத்தில் ஒட்டியது அதிகம். ஆனாலும் முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. உடனே சகலைக்குப் போன் போட்டு, மறுநாளே குடும்பத்தோடு வரச் சொன்னார்.

வந்தார்கள். "தொட்டுப் பாருங்க சகலை, நெஜச் செங்கல்னே தோணும்" என்றார் வாரண்டி.

சகலை தொட்டார். "மெத்துனு இருக்கே?"

அவர் விரலை எடுத்ததுமே மேல்மூலை மெல்லப் பிரிந்தது. வாரண்டி சட்டென்று உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டு, தொழில்நுட்பம் பற்றிப் பேசத் தொடங்கினார். இன்னொரு பக்கம் பிரிந்தது. மறு கையையும் கொடுத்தார். நடுவில் உப்பியது. முதுகைக் கொடுத்தார். இரண்டு கைகளையும் விரித்து, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி நின்றார்.

"உக்காருங்களேன், டீ ஆறுது" என்றாள் மனைவியின் அக்கா.

"இல்ல, எனக்கு நின்னாதான் பேச்சு வரும்."

பேச்சுக்கு முன்னால் தும்மல் வந்தது. செங்கல் சுவர் மொத்தமும் அவர் தலைமேல் சரிந்தது. பின்னால் கறுப்பாகப் பூத்திருந்த சுவரை எல்லாரும் பார்த்தார்கள். மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சகலை சிரிக்கவில்லை. அதைத்தான் வாரண்டியால் தாங்க முடியவில்லை. "பரவால்ல சகலை. எனக்குச் செஞ்ச ஆளோட நம்பர் அனுப்பறேன்" என்று வாரண்டியின் தோளில் ஒட்டியிருந்த காகிதச் செங்கல் ஒன்றை எடுத்துவிட்டார்.

மறுநாள் வாரண்டி கடைக்குப் போனதும் மனைவி விடுப்பு போட்டு பிளம்பரை வரவழைத்தாள். கசிந்த இணைப்பை அவர் மதியத்துக்குள் மாற்றிவிட்டார். "சுவர் காயணும்மா. ஜன்னலத் தெறந்து வைங்க."

"கூடத்துல ஏது ஜன்னல்?" என்றாள் மகள்.

அம்மா பீரோவைப் பார்த்தாள். குடிவந்த அன்று, வேறு இடம் யோசிக்கச் சோம்பல்பட்டு, அதை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தியவர் வாரண்டிதான். பெயிண்டைக்கூட அதைச் சுற்றித்தான் அடித்திருந்தார். மூவரும் சேர்ந்து அதைப் படுக்கையறைக்குத் தள்ளினார்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் திறந்ததும் வெயில் தரை வரைக்கும் வந்து விழுந்தது. கூடம் இரண்டு மடங்கு அகலமானது போல இருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தப் பெயிண்ட், நம்பவே முடியாமல், சந்தன நிறமாகவே தெரிந்தது.

சாயங்காலம் வந்த வாரண்டி வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் நெனச்சது இதேதான். வெளிச்சம் வந்தா இந்தக் கலரு எடுபடும்னு மொதல்லயே ஒரு கணக்கு வச்சிருந்தேன்."

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் வெளிச்சத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். மனைவி ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியில் அவரை உட்காரவும் விடவில்லை.